கண்ணுக்கு மேலே ஒற்றை முடி

1

இந்தக் கதை எங்கள் வீட்டுத் தையல் மெஷினிலிருந்து வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்தவன், ஒரு வருஷமாகக் கவனிக்காமல் கிடந்த மெஷினுக்கு எண்ணெய் விடலாம் என்று பாபின் தகட்டைத் தள்ளினேன். நூல் பிசிறுக்கு நடுவே கறுப்பாக, கடுகு அளவுக்கு ஏதோ ஒன்று கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். அதற்கு இரண்டு கண்கள் இருந்தன.

[கடுகு இல்லை. அகலம் 1.8 மில்லிமீட்டர். அளவு தெரிந்தால் அளவை எழுதுங்கள். — அ.]*

அது ஒரு தரைவண்டின் தலை. அதன் உடம்பு என் மனைவி அமல்ராணியின் பெட்டியில், வேறொரு வண்டின் தலையைத் தாங்கிக்கொண்டு இருக்கிறது. ஒட்டியவன் நான். அவளுக்குத் தெரியாது. வருகிற வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவள் தன் ஆராய்ச்சிக் கட்டுரையின் ப்ரூஃபைத் திருத்தி அனுப்ப வேண்டும். அனுப்பினால் உலகத்தில் இல்லாத ஒரு வண்டு அவள் பெயரோடு அச்சேறிவிடும். அனுப்பாவிட்டால் ஏழு வருஷத்து முனைவர் பட்டப் பதிவு இந்த மாதக் கடைசியோடு காலாவதி ஆகிவிடும், ஏனென்றால் கட்டுரை இல்லாமல் ஆய்வேட்டை வாங்க மாட்டார்கள்.

இன்று திங்கள். அவளிடம் நேராகச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால் கதை எழுதுகிறேன்.

* சதுர அடைப்புக்குள் இருப்பவை என்னுடையவை அல்ல. நான் எதை எழுதினாலும் முதலில் சிவப்புப் பேனாவோடு படிப்பவள் அமல்ராணி. இந்தக் குறிப்புகளை அவள் வியாழன் மாலை எழுதினாள். ஏன் அடிக்காமல் விட்டிருக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

2

ஆரம்பங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

“அன்று நல்ல மழை. மலர்விழி என்ற இளம் ஆராய்ச்சியாளர்—”

மழை பொய். நடந்தது மே மாதம், விழுப்புரத்தில். மலர்விழியும் பொய். பெயரை மாற்றினால் பயம் குறையும் என்று பார்த்தேன், குறையவில்லை.

“கல்வராயன் மலையின் உச்சியில் பனி மெல்ல—”

உச்சிக்கு நான் போனதே இல்லை. அமல்ராணி போனாள். நான் மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு, கீழே டீக்கடையில் பைகளைக் காவல் காத்துக்கொண்டிருந்தேன்.

“நான் ஒரு வண்டு. என் தலை எங்கே என்று—”

நாற்பத்து நான்கு வயதில், பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருப்பவன் இப்படி எழுதினால் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஆகவே உள்ளதை உள்ளபடி. என் பெயர் இருதயராஜ். படம் வரையச் சொல்லிக்கொடுப்பது பிழைப்பு, சிறுபத்திரிகைகளுக்குக் கதை எழுதுவது பழக்கம். அமல்ராணி திண்டிவனத்தில் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் கெஸ்ட் லெக்சரர். ஒன்பது வருஷமாகக் காலை பாசஞ்சரில் போகிறாள், சாயங்காலம் எந்த வண்டி கிடைக்கிறதோ அதில் வருகிறாள். டாக்டர் பட்டம் வந்தால்தான் அந்தக் ‘கெஸ்ட்’ போகும். ஒன்பது வருஷமாக விருந்தாளியாகவே இருப்பது எவ்வளவு பேஜாரான விஷயம் என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள், அதுவும் சிரித்துக்கொண்டு.

3

வண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தப் பகுதியை மட்டும்தான் அடித்துத் திருத்தாமல் எழுதினேன்.

தரைவண்டு, சிறகை நம்பாமல் காலை நம்பிப் பிழைக்கிற வண்டு. கல்லுக்கு அடியிலும் சருகுக்கு அடியிலும் கிடக்கும், இரவில் ஓடி ஓடிப் புழுவையும் நத்தையையும் தின்னும். மலையில் இருக்கிற சில இனங்களுக்குப் பறக்கவே வராது. முதுகில் இரண்டு கறுப்பு மூடிகள், நடுவில் ஒட்டிப்போய் ஒரே ஓடாக இருக்கும். அதற்கு அடியில் பறக்கும் சிறகு இருக்க வேண்டிய இடத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு தோல். பறக்காததால் மலையைவிட்டு இறங்காது. இறங்காததால் பக்கத்து மலையில் இருக்கும் சொந்தக்காரனோடு சேராமல், தலைமுறை தலைமுறையாக வேறு ஆளாகிக்கொண்டே போகும்.

[மூடி அல்ல, மேற்சிறகு. அதுவும் சிறகுதான். எல்லாத் தரைவண்டும் பறக்காது என்று படிப்பவர் நினைத்துவிடக் கூடாது; ‘சில இனங்கள்’ என்பதை அடிக்கோடிட்டேன். — அ.]

வண்டு விழுவதற்காகக் கல்வராயன் மலை மண்ணில் விளிம்புவரை பதித்த பிளாஸ்டிக் தம்ளர்கள் நாற்பது. இரண்டு வருஷம். அதில் விழுந்தது இந்த ஜாதியில் ஒன்றே ஒன்று, ஆண். அது விழுந்தபோது மலை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. அவள் லேபிள் எழுத உட்கார்ந்தபோது மாவட்டத்தைப் பிரித்து, மலை கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது.

[ஆண் என்பது எப்படித் தெரியும்? முன்னங்கால் பாதக் கண்டங்கள் அகன்று, அடியில் பற்றிக்கொள்ளும் முடிகள் இருப்பதால். காரணம் சொல்லாமல் எதையும் நம்பச் சொல்லாதீர்கள். — அ.]

வகைப்பாட்டை அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது தபால் முகவரி மாதிரி: மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம், தெரு. ஒவ்வொரு படி இறங்கவும் உடம்பில் ஓர் அடையாளம் காட்ட வேண்டும். பின்னங்காலின் அடிப்பாகம் வயிற்றின் முதல் தகட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறதா? சரி, இறங்கு. முன்னங்காலின் உட்பக்கம் உணர்கொம்பைச் சுத்தம் செய்ய ஒரு சின்ன வெட்டு இருக்கிறதா? இறங்கு. கண்ணுக்கு மேலே விளிம்பில் விறைப்பாக நிற்கும் முடி பக்கத்துக்கு எத்தனை?

இங்கேதான் எல்லாம் நின்றது. அமல்ராணியின் வண்டு உடம்பால் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததோ, அந்தக் கூட்டத்தில் எல்லாருக்கும் பக்கத்துக்கு இரண்டு முடி. இதற்கு மட்டும் ஒன்று. அதனால் இது புது இனம் மட்டும் இல்லை, புதுப் பேரினம். கட்டுரையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருக்கிறது.

4

போன வருஷம் மே மாதம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை கரண்ட் கட். கட்டுரைக்கான படங்களை நான்தான் வரைகிறேன். பள்ளி லீவு. ஜன்னல் வெளிச்சத்தில் மேசையைப் போட்டு, வண்டை லென்சுக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டு, விடைத்தாள் திருத்த அவள் திண்டிவனம் கிளம்பினாள்.

“மேல் பக்கத்த மட்டும் வரைங்க. அடிப்பக்கத்த சாயங்காலம் நான் வந்து திருப்பித் தர்றேன். சும்மா தொட்டுக்கினு இருக்காதீங்க, ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது.”

“தொடல அமலி. போய்ட்டு வா.”

தொட்டேன். மேல்பக்கம் பன்னிரண்டே முக்காலுக்கே முடிந்துவிட்டது. அவள் வருவதற்குள் அடிப்பக்கத்தையும் முடித்து அசத்தலாம் என்ற ஆசை. பிரஷ் நுனியால் புரட்டினேன். காய்ந்துபோன உடம்பு, தலை கழன்று வெள்ளைத் தாளில் உருண்டது.

ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டுப் போனது ஞாபகம் வந்தது. ஆனால் வண்டுகளை அட்டையில் ஒட்டுவதற்கு அவள் வைத்திருக்கும் வெள்ளைப் பசை பக்கத்திலேயே இருந்தது. துளி வைத்து ஒட்டிவிட்டால் அவளுக்குத் தெரியாது. அதே மேசையில் ஒரு கண்ணாடி வட்டிலில் இன்னொரு தலையும் இருந்தது. எங்கள் பக்கத்தில் விளக்கடிக்கு வரும் சாதாரணத் தரைவண்டு ஒன்றின் தலை. வாய் உறுப்புகளைப் பார்க்க அவளே கழற்றி வைத்தது. அளவு ஏறக்குறைய ஒன்று, நிறம் ஒன்று.

கரண்ட் இல்லாத நேரத்தில் போகிறபோதும் வருகிறபோதும் ஃபேன் சுவிட்சைத் தட்டி வந்துவிட்டதா என்று பார்ப்பது உங்களுக்கும் பழக்கம்தானே? அன்று காலையிலிருந்து நான் பத்துத் தடவையாவது தட்டியிருப்பேன். கடைசித் தடவை எந்தப் பக்கம் தட்டினேன் என்று கவனிக்கவில்லை. நான் பசையைத் திறப்பதற்குள், கரண்ட் ஒரு மணிக்கே வந்தது. ஃபேன் ஐந்தாம் நம்பரில் இருந்தது.

தாள் பறந்தது. வட்டில் கவிழ்ந்தது. வண்டின் உடம்பு மட்டும் அட்டைப் பெட்டி ஓரத்தில் தப்பித்தது. முட்டி போட்டுத் தரையைத் தடவித் தடவி, முக்கால் மணி நேரம் கழித்துத் தையல் மெஷின் மிதிக்கட்டைக்குப் பின்னால் ஒரு தலை கிடைத்தது. கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று அழாத குறையாக ஒட்டினேன். எந்தத் தலை என்று கேட்டுக்கொள்ளவில்லை. (இந்த வாக்கியத்தை நான்கு தடவை மாற்றினேன். ‘கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை’ என்று ஒரு தடவை எழுதினேன். தோன்றியது. தோன்றியதை அடக்கினேன்.)

சாயங்காலம் அவளிடம் பாதி உண்மையைச் சொன்னேன்: ஃபேன் காற்றில் வட்டிலில் இருந்த தலை போய்விட்டது.

“போனா போவுது உடுங்க, அது கோலியனூர் வயல்ல கூடக் கெடைக்கும். நல்ல வேள, இவனுக்கு ஒண்ணும் ஆவல” என்று பெட்டியை மூடினாள்.

[வட்டிலை மூடி வைக்காதது என் தப்பு. அதையும் எழுதுங்கள். — அ.]

5

ஜூன் மாதத்தில் ஒருநாள் காலை, பழைய விலைக்கு வாங்கிய மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தவள் கத்தினாள்.

“ஏங்க! ஜல்தி வாங்க!”

“இன்னா ஆச்சு?”

“ஒண்ணுதாங்க இருக்குது. ரெண்டு பக்கமும் ஒண்ணொண்ணு. இத்தன வருஷம் சிறகையும் காலையும் பாத்துக்கினு இருந்தனே தவிர, தலைய நான் சரியாப் பாக்கவே இல்ல.”

“ரெண்டாவது முடி ஒடஞ்சி உழுந்திருக்கும்.”

“ஒடஞ்சிருந்தா மொளச்ச குழியாவது இருக்கணும்ல? குழியே இல்லங்க. வழவழன்னு இருக்குது.”

அவளுடைய கைடு தேவநாதன் ஐயாவுக்கு உடனே போன் போட்டாள். அவர் மறுபடி பார்க்கச் சொன்னார். பதினோரு தடவை எண்ணினாள். அன்று நான் உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். எனக்கும் அப்போது தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்று கெஞ்சிக் கேட்கிறேன், ஒரு கதாசிரியன் கெஞ்சக் கூடாது என்றாலும்.

“இனத்துக்கு உங்க பேரத்தான் வெக்கப் போறேன்” என்றாள்.

“எம்பேரா? வண்டுக்கா?”

“பின்ன? ஏழு வருஷமா டப்பா தூக்கிக்கினு வந்தது யாரு, அடுத்த ஊட்டுக்காரரா?”

ஆகவே இல்லாத அந்த வண்டுக்கு என் பெயர். லத்தீன் வால் ஒட்டிய இருதயராஜ்.

6

தையல் மெஷினில் கிடைத்த தலையை அவள் இல்லாதபோது மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு முடி. பிறகு பெட்டியில் இருந்த சாதாரண வண்டுகள் ஐந்தையும் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பக்கத்துக்கு ஒன்று. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மலைவண்டின் கழுத்தில் உட்கார்ந்திருப்பது விளக்கடி வண்டின் தலை.

யாராவது ஒருநாள் அந்த மூலமாதிரியை, அதாவது புது இனத்துக்குச் சாட்சியாக வைக்கும் அந்த ஒரே வண்டை, வாங்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் பட்டால் பசை கரையும். தலை தனியாக வரும். அன்றைக்கு உலகத்தில் பத்துப் பதினைந்து வண்டு ஆராய்ச்சியாளர்கள் சிரிப்பார்கள். இவ்வளவு பெரிய பூமியில் அமல்ராணிக்கு முக்கியமானவர்கள் அந்தப் பத்துப் பதினைந்து பேர்தான்.

இப்போது ஒரு கதாசிரியனாகப் பேசுகிறேன். அமல்ராணி என்ற கதாபாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. வாசலில் நின்றே இரண்டு எறும்புக்கு வித்தியாசம் சொல்கிறவள், கழுத்தில் பசை இருப்பதைப் பார்க்கவில்லையா? கட்டுரையைப் பரிசீலித்தவர்களில் ஒருவர், தலையும் கழுத்தும் சேரும் இடத்துக்குப் புகைப்படம் கேட்டார். இவள் புகைப்படத்துக்குப் பதிலாக என் படத்தை அனுப்பினாள். கல்லூரியில் கேமரா ரிப்பேர் என்றாள். என் படத்தில் அந்த இடம் அவ்வளவு இயல்பாக இருக்கும். நிழலை நான் நன்றாகப் போடுவேன். ஒருவேளை அவளுக்கு—

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். என் தப்பை மறைக்க அவள் மேல் சேறு பூசப் பார்க்கிறேன் என்று தோன்றுகிறது. அதே நேரம் மூன்று நாளாக வேறு எதையும் நினைக்கவும் முடியவில்லை.

[கேமரா உண்மையிலேயே ரிப்பேர். பசையைப் பார்த்தேன். அட்டையில் ஒட்டும்போது நானே இழுத்துவிட்டது என்று நினைத்தேன். சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்பட எனக்கு விருப்பம் இல்லை. அது என்னுடைய பாகம். — அ.]

7

வியாழன் மதியம். இந்த மாதிரிக் கதைகளில் கடைசியில் சில முடிவுகளைக் கொடுத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆசிரியர் ஒதுங்கிக்கொள்ளலாம். எனக்கு ரொம்ப வசதியான வடிவம்.

முடிவு ஒன்று. மனைவி திண்டிவனம் போன நேரத்தில் கணவன் ஒரு துளி வெந்நீரில் பசையைக் கரைத்து, சரியான தலையை வைத்துவிடுகிறான். வண்டு முழுசாகிவிட்டது. ஆனால் கட்டுரை ஒரு முடி என்கிறது, வண்டு இரண்டு என்கிறது. இருபது வருஷம் கழித்து ஒருவர் பெட்டியைத் திறந்து—

முடிவு இரண்டு. அவன் இரண்டாவது தலையைச் சாக்கடையில் போட்டுவிடுகிறான். பட்டம் வருகிறது, வேலை வருகிறது. ஒவ்வொரு பாராட்டு விழாவிலும் அவன் மற்றவர்களைவிடச் சத்தமாகக் கை தட்டுகிறான். அவள் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம்—

முடிவு மூன்று. அவன் ரகசியமாக தேவநாதன் ஐயாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். அவர் வேறு ஏதோ காரணம் காட்டிக் கட்டுரையை நிறுத்துகிறார். பட்டம் போகிறது. ஆனால் யாரால் போனது என்று அவளுக்கு எப்போதும் தெரியவராது. நல்ல மனிதன் என்று அவனை—

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

8

வெள்ளிக்கிழமை.

நேற்று சாயங்காலம் இந்தத் தாள்களை மேசையில் வைத்து, மேலே ஒரு மாத்திரை டப்பாவில் அந்தத் தலையையும் வைத்துவிட்டு, “புதுக் கதை, கொஞ்சம் பாரு” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வளவனூர்வரை போனேன். அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. கரும்பு லாரிகளுக்குப் பின்னால் போய், ஒரு டீ குடித்து, அதே லாரிகளுக்கு எதிரில் திரும்பி வந்தேன். அவள் தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். “சாப்பிடறீங்களா?” என்றாள். சாப்பிட்டேன். இன்னொரு தோசையை வைத்தாள். அவள் கண் சிவந்திருந்ததா, அடுப்பு வெக்கையா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

காலையில் வழக்கமான பாசஞ்சருக்குப் போய்விட்டாள். பெட்டியைக் காணோம், மாத்திரை டப்பாவையும் காணோம். தாள்கள் மட்டும் இருந்தன. குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். கோபமான ஒரு வார்த்தையைத் தேடினேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அளவு சரி செய்திருக்கிறாள், பெயர் சரி செய்திருக்கிறாள், தன் தப்பைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஏழாம் பகுதியில் மட்டும் மூன்று முடிவுகளையும் ஸ்கேல் வைத்து ஒரே கோட்டால் அடித்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்:

[மூன்றிலும் நான் இல்லை. மூன்றிலும் நீங்கள் எனக்குத் தெரியாமல் எனக்கு ஏதோ செய்கிறீர்கள். அன்று தலையை ஒட்டியபோது செய்ததும் இதுதான். — அ.]

மூன்றரை மணிக்கு அவளுக்குப் போன் செய்தேன்.

“எங்க இருக்க?”

“லேப்ல.”

“கோவமா அமலி?”

“கோவம் இருக்குது. அத ஊட்டுக்கு வந்து காட்டறேன். இப்ப பசைய ஊற வெச்சிக்கினு இருக்கேன்.”

“ரெண்டு முடி இருந்தா அது பழைய இனமாவே போய்டுமா? இல்ல, அப்பவும் புதுசுதானா?”

“தெரியலங்க. சிறகு, கால், எல்லாத்தயும் மறுபடி மொதல்லருந்து ஒப்பிட்டுப் பாக்கணும். ஒரு வருஷம் ஆவும்.”

“மாசக் கடைசிதானே கெடு?”

அவள் தண்ணீர்க் குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது.

“ப்ரூஃப இன்னா பண்ணப் போற? அஞ்சு மணிக்கு இன்னும்... நான் வேணா தேவநாதன் ஐயாகிட்ட—”

“ஏங்க,” என்றாள். குரல் உயரவில்லை. “எனக்காக எதுவும் பண்ணாதீங்க. இன்னிக்கு ஒரு நாள் மட்டும். வைங்க.”

வைத்தேன்.

வாசகரே, முடிவை உங்கள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போகலாம் என்றுதான் திங்கட்கிழமை உட்கார்ந்தேன். கொடுப்பதற்கு அது என்னுடையதாக இருக்க வேண்டும். திண்டிவனத்தில் ஒரு லேப்பில், நாற்பது வயதை நெருங்கும் ஒரு பெண் நனைந்த ஒரு கழுத்தின் மேல் குனிந்திருக்கிறாள். ஏழு வருஷத்தை அனுப்பப் போகிறாளா, நிறுத்தப் போகிறாளா என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் கூடாது. ஊகித்தால் எழுதிவிடுவேன், எழுதினால் அவளுக்கு முன்னால் நான் முடிவு செய்தவனாகிவிடுவேன்.

மணி நாலே முக்கால். தேவநாதன் ஐயாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கூப்பிடவில்லை.